நகல் எடுத்தார்கள், மிஷின் எழுந்திருக்கவில்லை!

திங்கட்கிழமை. காலை மணி 9.

மாமா கடையைத் திறந்தார். சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினார். பிறகு கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினார்.

திரை கறுத்துக் கிடந்தது. அதில் வெள்ளையாக ஒரே ஒரு வரி.

"நோ பூட்டபிள் டிவைஸ்!"

மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதே வரி.

மாமாவுக்கு மளிகைக் கடை. ஊர் தஞ்சாவூருக்குப் பக்கம். 9 வருஷத்துப் பற்று வரவு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை மூட்டை அரிசி போயிற்று, யார் பாக்கி, எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில்தான்.

அது மட்டும் அல்ல. அத்தை காலமாகி 3 வருஷம் ஆகிறது. அத்தையின் படங்களும் அதில்தான்.

எனக்குப் போன் வந்தது.

"டேய், உடனே புறப்பட்டு வாடா. எல்லாம் போச்சு!"

"பழைய தட்டு எங்கே, மாமா?" என்று கேட்டேன்.

"பையன் பையிலே இருக்கு. அழிச்சுட்டு விற்கப் போறானாம்."

"அதை வாங்கிக் கல்லாப் பெட்டியில் வையுங்கள். நான் வரும் வரையில் யாரும் எதையும் தொட வேண்டாம்!"

அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

என்ன நடந்தது?

கம்ப்யூட்டருக்குள் ‘ஹார்ட் டிஸ்க்’ என்று ஒரு தட்டு உண்டு. நாம் எழுதும் கணக்கு, எடுக்கும் படம், கம்ப்யூட்டரை ஓட்டும் ‘விண்டோஸ்’ எல்லாம் அதில்தான் பதிவாகின்றன. மாமாவின் தட்டு பழசாகிவிட்டது. ‘கடக், கடக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. தட்டு அப்படிச் சத்தம் போட்டால், அது சாகப் போகிறது என்று அர்த்தம்.

தெருக்கோடியில் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பையனை மாமா அழைத்தார். பையன் கெட்டிக்காரன். "புதுசா எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுவோம். பழசில் இருப்பதை அப்படியே நகல் எடுத்து விடலாம்" என்றான்.

எஸ்.எஸ்.டி. என்பது புதுமாதிரித் தட்டு. அதில் சுழல்கிற பாகம் கிடையாது. சத்தம் போடாது. வேகம் அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நகல் எடுத்தான். இரண்டு தட்டுகளையும் உள்ளேயே வைத்து மிஷினை ஓட விட்டான். ஓடிற்று! "ஒரு வாரம் பாருங்கள். நன்றாக இருந்தால் பழசை நான் 300 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாமா ஒரு வாரம் கணக்கு எழுதினார். "புதுத் தட்டு என்ன வேகம்டா!" என்று எனக்குப் போனில் கூடச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவு பையன் வந்தான். கடை மூடுகிற நேரம். அவசரம். பழைய தட்டைக் கழற்றினான், மூடியை மாட்டினான், போய்விட்டான்.

விடிந்ததும் கறுப்புத் திரை!

"நகல் கெட்டுப் போய்விட்டது, அண்ணே. புதுத் தட்டை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவோம்" என்றான் பையன்.

நகல் கெடவில்லை. அது பத்திரமாகத்தான் இருந்தது. அதைத் தேடிப் போய் எழுப்ப ஆள் இல்லை. அவ்வளவுதான்!

பொத்தானை அழுத்தினால்...

இது புரிய வேண்டுமானால், பொத்தானை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

விண்டோஸ் இருப்பது தட்டில். தட்டைப் படிக்க ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமும் தட்டில் இருந்தால்? அதை யார் படிப்பது?

பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி இருக்கிற கதை!

வெள்ளைக்காரர்கள் இதை வேடிக்கையாகச் சொல்லுவார்கள். பூட்ஸின் பின்புறம் இழுத்து மாட்டுவதற்கு ஒரு வார் இருக்கும். அந்த வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே ஆகாயத்தில் தூக்கிக்கொள்ள முடியுமா? முடியாது. கம்ப்யூட்டர் செய்ய வேண்டியதோ அதுதான். அதனால்தான் கம்ப்யூட்டரைக் கிளப்புவதற்கு ‘பூட்’ என்று பெயர் வந்தது. காலில் போடும் பூட்ஸ்தான் அது!

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘மதர்போர்டு’ என்கிற தாய்ப்பலகையில் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. கரண்டு போனாலும் அதில் எழுதியது அழியாது. பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது அந்தச் சில்லில் உள்ள புரோகிராம்தான். பழைய மிஷின்களில் அதற்குப் பெயர் ‘பயாஸ்’.

அது விண்டோஸை அறியாது. தட்டில் ஒரே ஓர் இடம்தான் அதற்குத் தெரியும். அங்கே போய் ஒருவனை எழுப்பும். அவன் இன்னொருவனை எழுப்புவான். கடைசியில் எழுவதுதான் விண்டோஸ்.

512 பைட் காவல்காரன்

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் ‘பெர்சனல் கம்ப்யூட்டரை’ விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. 1983-ல் வந்த ‘எக்ஸ்.டி.’ மாடலில்தான் தட்டு வைத்தார்கள். அதன் கொள்ளளவு 10 மெகாபைட். இன்றைக்குச் செல்போனில் எடுக்கிற இரண்டு மூன்று படங்களிலேயே அந்த இடம் தீர்ந்துவிடும்!

அப்போது ஓர் ஏற்பாடு செய்தார்கள். தட்டின் முதல் 512 பைட்டைத் தனியாக ஒதுக்கினார்கள். (ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தை வைக்கிற இடம்.) இந்த 512-ல் 446 பைட்டில் ஒரு குட்டிப் புரோகிராம். 64 பைட்டில் தட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை. மீதி 2 பைட்டில் ஒரு முத்திரை. முத்திரை இல்லாவிட்டால் ‘பயாஸ்’ அந்தத் தட்டை நம்பாது.

அட்டவணையில் 4 பகுதிகளைத்தான் குறிக்க முடியும். அவற்றில் ஒன்றின் மேல் ‘ஆக்டிவ்’ என்று குறி இருக்கும். குட்டிப் புரோகிராம் அந்தக் குறியைப் பார்த்து, அந்தப் பகுதியின் வாசலில் போய் நிற்கும்.

இந்த 512 பைட் எந்தப் பகுதிக்குள்ளும் அடங்காது. வீட்டுக்கு வெளியே தெருவில் நிற்கிற காவல்காரன் மாதிரி அது தனியே நிற்கிறது. ‘சி’ என்ற பகுதியை மட்டும் நகல் எடுத்தால் வீடு வரும். காவல்காரன் வர மாட்டான்.

இப்போது வேறு முறை

அந்தப் பழைய அட்டவணையால் சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. தட்டுகளோ பெருத்துக்கொண்டே போயின. புது ஏற்பாடு தேவைப்பட்டது. ‘யு.இ.எப்.ஐ.’ என்று அதற்குப் பெயர். அதற்காக 2005-ல் கம்பெனிகள் கூடி ஓர் அமைப்பையே ஏற்படுத்தின. 2021-ல் வந்த ‘விண்டோஸ் 11’ இந்த முறை உள்ள மிஷினைத்தான் கேட்கிறது.

இதில் தட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கும். பெரும்பாலும் 100 மெகாபைட்தான். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸைக் கிளப்புகிற பைல்கள் அதில்தான் இருக்கின்றன. விண்டோஸ் எந்தத் தட்டில், எந்தப் பகுதியில் படுத்திருக்கிறது என்ற முகவரிச் சீட்டும் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சின்னப் பகுதி எங்கே என்ற குறிப்பைத் தாய்ப்பலகை தன் ஞாபகத்தில் வைத்திருக்கும்.

முகவரி என்றால் ‘இரண்டாவது தட்டு, மூன்றாவது பகுதி’ என்று எழுதியிருக்காது. தட்டுக்கும் பகுதிக்கும் நீளமான அடையாள எண்கள் உண்டு. அந்த எண்களைத்தான் எழுதி வைத்திருக்கும்.

வீடு மாறுகிறோம். சாமான், சட்டி, பெட்டி, படுக்கை எல்லாம் வண்டியில் ஏற்றிப் புது வீட்டுக்குக் கொண்டு போய்விட்டோம். தபால்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. தபால் எங்கே போகும்? பழைய வீட்டுக்குத்தான் போகும்!

ஒரு வாரம் ஏமாற்றிய மிஷின்

இப்போது மாமா கடைக்கு வருவோம்.

பையன் ‘சி’ பகுதியை மட்டும் நகல் எடுத்திருந்தான். "பைல் எல்லாம் அதில்தானே இருக்கு, அண்ணே?" என்றான். அவன் சொன்னது உண்மைதான். ஓரத்தில் இருந்த சின்னப் பகுதி அவன் கண்ணில் படவில்லை.

அப்படியானால் ஒரு வாரம் மிஷின் ஓடிற்றே, எப்படி?

இரண்டு தட்டுகளும் உள்ளே இருந்தன அல்லவா? தாய்ப்பலகை வழக்கம்போலப் பழைய தட்டின் சின்னப் பகுதிக்குப் போயிற்று. அங்கே இருந்த முகவரிச் சீட்டில் பழைய வீட்டு முகவரி. பழைய விண்டோஸே எழுந்து வந்தது!

மாமா ஒரு வாரம் கணக்கு எழுதியதும் பழைய தட்டில்தான். புதுத் தட்டு பக்கத்தில் சும்மா படுத்திருந்தது. "என்ன வேகம்!" என்று அவர் மெச்சியது சாகக் கிடந்த பழைய தட்டை!

இதைச் சொன்னதும் மாமா சிரிக்கவில்லை. அவருக்கு உடனே உறைத்தது.

"அப்ப போன வாரக் கணக்கு?"

"புதுத் தட்டில் இல்லை, மாமா. பழையதில் மட்டும்தான் இருக்கிறது."

பையன் முகம் வெளுத்துவிட்டது. அன்று காலை அவன் அதை அழித்திருந்தால் 6 நாள் கணக்கு அடியோடு போயிருக்கும். புதுத் தட்டையும் அழித்திருந்தால் 9 வருஷமும் போயிருக்கும். அத்தையின் படங்களும்.

முதலில் எதை எடுப்பது?

முழுத் தட்டையும் மறுபடி நகல் எடுத்தால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். தட்டு நல்ல நிலையில் இருந்தால் அதுதான் சரியான வழி. சின்னப் பகுதியும் சேர்ந்து வந்துவிடும்.

ஆனால் இது ‘கடக், கடக்’ என்கிற தட்டு. முழுவதையும் படிக்க வைத்தால் பாதியில் உயிரை விட்டுவிடலாம். ஆகவே அதை ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு என் லாப்டாப்பில் மாட்டினேன். அந்த 6 நாள் கணக்கை முதலில் எடுத்தேன். அடுத்தபடி படங்கள். படங்கள் புதுத் தட்டிலும் இருக்கத்தான் வேண்டும். என்றாலும் மாமாவின் முகத்தைப் பார்த்து இன்னொரு பிரதி எடுத்து வைத்தேன். உடனே தட்டைக் கழற்றிவிட்டேன். அதற்கு மேல் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

பிறகுதான் ரிப்பேர்.

இந்த வேலைக்கு ஒரு பென் டிரைவ் வேண்டும். 8 ஜிகாபைட் போதும். வேறொரு கம்ப்யூட்டரில் அதை மாட்டி, விண்டோஸைப் புதிதாகப் போடுவதற்கான பைல்களை மைக்ரோசாப்டின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். காசு கிடையாது. மிஷினை அந்த பென் டிரைவால் கிளப்ப வேண்டும். ‘இன்ஸ்டால்’ என்று கேட்கும். அதை அழுத்தக் கூடாது! ‘ரிப்பேர்’ என்று இன்னொன்று இருக்கும். அதைத்தான் அழுத்த வேண்டும்.

அதில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்று ஒன்று உண்டு. முகவரிச் சீட்டு மட்டும் கெட்டிருந்தால் பல சமயம் அதுவே சரி செய்துவிடும். மாமாவின் தட்டில் அது முடியாது என்று கையை விரித்தது. அதன்மேல் குற்றம் இல்லை. சீட்டை வைப்பதற்கான சின்னப் பகுதியே அங்கே கிடையாதே!

ஆகவே கையாலேயே செய்ய வேண்டியதாயிற்று. ‘டிஸ்க்பார்ட்’ என்ற கட்டளையால் ‘சி’ பகுதியைக் கொஞ்சம் சுருக்கினேன். காலியான இடத்தில் சின்னப் பகுதி ஒன்றை உண்டாக்கி, அதை ‘பாட் 32’ என்ற முறையில் அமைத்தேன். பிறகு ‘பிசிடிபூட்’ என்ற கட்டளை. கிளப்புகிற பைல்களைப் புதுப் பகுதியில் வைத்து, புது முகவரிச் சீட்டை எழுதுவது இதுதான். ஒரே ஒரு வரி. ஒரு நொடியில் முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘டிஸ்க்பார்ட்’ கேள்வி கேட்காது. தவறான தட்டைக் காட்டினால் அதையே அழித்துவிடும். எனக்கும் பயம்தான். அதனால்தான் பழைய தட்டை மிஷினில் மாட்டாமல் தூரத்தில் வைத்திருந்தேன். ஒரே தட்டு உள்ளே இருந்தால் ஆள் மாறாட்டம் வராது.

பென் டிரைவைப் பிடுங்கினேன். "பொத்தானை அழுத்துங்கள், மாமா" என்றேன்.

கறுப்புத் திரை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு நீலமாக விண்டோஸின் சின்னம் தெரிந்தது.

மற்றவர்களுக்கு...

எல்லா மிஷினிலும் இதே கோளாறுதான் என்று சொல்ல முடியாது.

சிலர் புதுத் தட்டை யு.எஸ்.பி. பெட்டியில் வைத்தபடியே கிளப்பிப் பார்ப்பார்கள். சாதாரண விண்டோஸ் அப்படிக் கிளம்புவதற்கு அமைக்கப்பட்டது அல்ல. தட்டை உள்ளே மாட்டிய பிறகே சோதிக்க வேண்டும்.

தட்டு பழைய ‘பயாஸ்’ முறையில் அமைந்திருக்கும். மிஷின் புது முறையை மட்டும் ஏற்கும். இரண்டுக்கும் பேச்சு வார்த்தை இராது. 2017 முதல் விண்டோஸ் 10-ல் இதற்கென்றே ‘எம்பிஆர்-டு-ஜிபிடி’ என்ற கருவி இருக்கிறது. பைல்களை அழிக்காமல் தட்டைப் புது முறைக்கு மாற்றித் தரும்.

சிலருக்கு விண்டோஸ் பாதி தூரம் வரும். அப்புறம் திரையில் ‘இன்ஆக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்’ என்று சொல்லி நின்றுவிடும். இங்கே காவல்காரனும் இருக்கிறான், முகவரியும் சரி. ஆனால் புதுமாதிரித் தட்டோடு பேசுவதற்கான ‘டிரைவர்’ புரோகிராம் விழித்துக்கொள்ளவில்லை. அல்லது தாய்ப்பலகையில் தட்டுக்கான அமைப்பு மாறியிருக்கிறது. அதைப் பழையபடி வைத்தாலே பல மிஷின்கள் எழுந்துவிடும்.

இரட்டைப் பிள்ளைத் தகராறும் உண்டு. முழுத் தட்டையும் அச்சாக நகல் எடுத்தால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் வந்துவிடும். இரண்டையும் ஒன்றாக மாட்டினால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைக்கும். அதை நாமே கட்டாயப்படுத்திச் சேர்த்தால், அதற்குப் புது எண் கொடுத்துவிடும். அப்புறம் அந்தத் தட்டில் உள்ள முகவரிச் சீட்டு பொய்யாகிவிடும்! நகல் முடிந்ததும் முதல் தடவை கிளப்பும்போது பழைய தட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

‘லினக்ஸ்’ ஓட்டுகிறவர்களும் தப்ப முடியாது. அங்கே ‘எப்ஸ்டாப்’ என்ற பைலில் ஒவ்வொரு பகுதியின் அடையாள எண்ணும் எழுதியிருக்கும். புதிதாக அமைத்த பகுதியில் பைல்களை மட்டும் நகல் எடுத்துப் போட்டால் எண் மாறிவிடும். பைலில் புது எண்ணை எழுதி, ‘கிரப்’ என்ற கிளப்புகிற புரோகிராமை மறுபடி போட வேண்டும்.

இன்னொன்று. புது லாப்டாப்கள் பலவற்றில் தட்டு முழுவதும் ‘பிட்லாக்கர்’ பூட்டுப் போட்டிருக்கும். தட்டையோ அமைப்பையோ மாற்றினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் பஸ் ஏறி வந்தும் பிரயோசனம் இல்லை.

நகல் எடுத்துவிட்டீர்கள், ஓடுவது எந்தத் தட்டு என்று சந்தேகமா? ‘ஸ்டார்ட்’ பொத்தானின் மேல் வலது பக்கத்துச் சொடுக்கு. அங்கே ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்று இருக்கும். ‘சி’ எந்தத் தட்டின் நேரே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மாமா அந்த ஞாயிற்றுக்கிழமையே இதைப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

கல்லாப் பெட்டியில்...

புதுத் தட்டில் முந்தின ஞாயிற்றுக்கிழமை வரைதான் கணக்கு இருந்தது. நான் எடுத்து வைத்திருந்த 6 நாள் கணக்கை அதில் சேர்த்தேன். மாமா வரி வரியாகப் பார்த்தார். ஒரு மூட்டை துவரம் பருப்பில் சந்தேகம் வந்தது. பில் புத்தகத்தை எடுத்துச் சரி பார்த்தார். சரியாக இருந்தது.

அதன் பிறகு படங்களைத் திறந்தார். மாயவரத்தில் கடைமுழுக்குக்குப் போனபோது எடுத்த படம். அத்தை ஈரப் புடவையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். மாமா வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஓர் அம்மாள் கால் கிலோ கடுகு கேட்டது அவர் காதில் விழவில்லை. நான்தான் எழுந்து நிறுத்துப் போட்டேன்.

சாயந்திரம் பையன் வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மாமா கல்லாவிலிருந்து 300 ரூபாயை எண்ணி அவன் கையில் கொடுத்தார்.

"தட்டு எனக்கே இருக்கட்டும், தம்பி" என்றார்.

பையன் பணத்தை வாங்கச் சங்கடப்பட்டான். மாமா அவன் சட்டைப் பையில் திணித்தார். பழைய தட்டை ஒரு மஞ்சள் துணியில் சுற்றிக் கல்லாவின் அடியில் வைத்துப் பூட்டினார்.

பையன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, அந்த நூறு மெகாபைட் பகுதியை எப்படி உண்டாக்கினீங்க? ஒரு தடவை சொல்லுங்க."

மாமா ஒரு பழைய பில்லைக் கிழித்துக் கொடுத்தார். அதன் பின்புறத்தில் பையன் எழுத ஆரம்பித்தான்.